கட்டிலைச் சுற்றிக் கட்டிய அறை

காலை ஆறு இருபது. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே நான்கு பித்தளைக் குமிழ்கள் இடமிருந்து வலமாகப் போவதைத்தான் முதலில் பார்த்தேன். கையில் பல்பொடி இருந்தது. குமிழ்கள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஊர்வலத்தில் வருவது போல அவசரமில்லாமல் நகர்ந்தன. கேட்டின் இடைவெளியில் மாட்டுக் கொம்புகள் வந்து நின்றதும் அவையும் நின்றன. வண்டிக்குப் பின்னாலிருந்து என் மாமனார் வந்தார். அடுகோடியிலிருந்து காக்ஸ் டவுன் வரைக்கும் வண்டியோடு நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாப்ளே, கட்டில் வந்துடுச்சி," என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சுதந்திரம் வந்த சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு வைகாசியில் நடந்த கல்யாணம். மாமனார் அடுகோடியில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் கூண்டு கட்டும் பட்டறையில் ஃபோர்மன். பெண்ணுக்குக் கடையில் கட்டில் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. நிச்சயதார்த்தம் ஆன நாளிலிருந்து வேலை முடிந்த பிறகு பட்டறையிலேயே தங்கித் தன் கையால் செய்தார். பஸ்ஸுக்குப் போடும் இரும்பு. மூலைக்கு மூலை வெல்டிங். கால்கள் நான்கும் அப்படியே மேலே ஆளுயரம் நீண்டு கொசுவலைக் கம்பிகளாகி, உச்சியில் சட்டத்தோடு சேர்ந்து பித்தளைக் குமிழில் முடிந்தன. ஒரு திருகாணி கிடையாது. கழற்றுவது என்ற யோசனையே அவருக்கு வந்திருக்கவில்லை. பஸ்ஸை யாராவது கழற்றுவார்களா?

வண்டிக்காரனும் நாங்களுமாக இறக்கினோம். வாசலுக்குக் கொண்டு போனோம். கட்டில் நுழையவில்லை. ஒருக்களித்துப் பார்த்தோம். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தோம். அதற்குள் தெருவில் பாதிப் பேர் கேட்டருகே கூடிவிட்டார்கள். பால்காரர் ஒரு யோசனை சொன்னார், எதிர்வீட்டுக்காரர் அதை மறுத்து வேறு ஒன்று சொன்னார். ஒரு கட்டத்தில் கட்டிலின் கால் பாகம் கூடத்திலும் முக்கால் பாகம் வாசலிலுமாக மாட்டிக்கொண்டது. என் அப்பா உள்ளே இருந்தார், வெளியே வர வழியில்லை. எதிர்வீட்டிலிருந்து வந்த காப்பியை அவருக்கு ஜன்னல் வழியாகக் கொடுத்தோம்.

அதைத் திரும்ப வெளியே இழுத்த பிறகு மாமனார் பாக்கெட்டிலிருந்து அளவு நாடாவை எடுத்து வாசலை அளந்தார். இரண்டே முக்கால் அடி. நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"கட்டில்ல தப்பு இல்ல மாப்ளே. கதவுதான் சிறுசு."

கம்பிகளை அறுத்துவிட்டு உள்ளே வைத்து மறுபடி ஒட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். என் அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தாத குறை. "கல்யாணக் கட்டில்ல ரம்பம் வைக்கிறதா? புத்தி இருக்காடா உனக்கு? வாயக் கழுவு!" நிஜமாகவே வாயைக் கழுவினேன். பல்பொடி வேறு இருந்தது.

கட்டில் பக்கத்துக் காலி இடத்தில், கொய்யா மரத்துக்குச் சற்று முன்னால், போய் நின்றது. அங்கேதான் இடம் இருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்களூர் ஓடு போட்ட பழைய வீடு, ஒரு கூடம், ஒரு உள்ளறை, ஒரு சமையலறை. அப்பா மைசூர் அரசாங்கத்தின் நிலஅளவைத் துறையில் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் அப்பாவும் நானும் படுப்போம். உள்ளறையில் அம்மா, என் இரண்டு தங்கைகள், இப்போது என் மனைவியும். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவரும் இரண்டு தங்கைகளும் ஓர் அம்மாவும் இருந்தார்கள். எங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் கட்டிலைப் பற்றிப் பேசினார்கள்.

"பாவம், கட்டிலு வெயில்ல கெடக்குது," என்பாள் அம்மா.

"கட்டிலுக்கு ஒரு வழி பண்ணணும்," என்பார் அப்பா.

"ரொம்ப நாள் இப்படி இருந்தா கட்டில் துருப் புடிச்சிடுமே மாமா," என்பாள் என் மனைவி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல். தங்கைகள் இருவரும் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரிப்பார்கள்.

காலக்கெடுவும் இருந்தது. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், மாதம் முழுக்க அங்கேதான். அதற்கு முன்னால் ஆனி வருகிறது, ஆனியில் வீட்டு வேலை எதையும் தொடங்கக் கூடாது. வைகாசியில் தொடங்கிய வேலையை ஆனியில் தொடரலாம், அவ்வளவுதான். வைகாசி முடிவதற்குள் முடிவெடுக்காவிட்டால் ஆவணி வரை கட்டில் வெயிலில் கிடக்கும். கட்டில் என்று சொல்கிறேன்.

வழிகள் மூன்று. பக்கத்து இடத்தில் ஓர் அறை கூடுதலாகக் கட்டுவது, பெரிய வாசல் உள்ள வாடகை வீட்டுக்கு எல்லோரும் போய்விடுவது, இருக்கிற வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. நான் அப்போது ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்தேன். மூன்று தரப்பையும் விசாரிப்பதுதான் என் தொழில் என்பதால் விலை விசாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. விசாரித்து அப்பாவிடம் இப்படிச் சொன்னேன். ஓர் அறை கட்ட என் சம்பளத்தில் ஏழு மாதம் ஆகும், அதில் பெரும்பகுதி மொய்ப் பணத்தில் மிஞ்சியிருந்தது. வாடகை வீடு என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மாதாமாதம், என்றென்றைக்கும். இடித்துக் கட்டுவதென்றால் பதினோரு வருடச் சம்பளம், யாரும் எதுவும் சாப்பிடாமல்.

அப்பா கடைசியாகச் சொன்னதை மட்டும்தான் கேட்டார். "பதினோரு வருஷந்தானா?" என்றார்.

அவரிடம் ஒரு வரைபடம் இருந்தது. ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே போட்டு வைத்திருந்த புதிய வீட்டின் வரைபடம். முன்னால் தூண் வைத்த போர்ட்டிகோ. இப்போதைய வீட்டுக்குப் பின்னால், கிணற்றடி வரை நீளும் பெரிய கூடம். பக்கத்தில் படுக்கையறை. நிழல் விழும் இடத்தில்கூட மெல்லிய கோடு போட்டுக் காட்டியிருந்தார். நகரசபையில் அதற்கு அனுமதி வாங்கி, அது காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் தானே நடந்து போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவார். அந்த நாட்களில் மட்டும் சட்டைக்கு இஸ்திரி போடுவார்.

"ஒட்டுப் போட்ட வீட்ல நான் இருக்க மாட்டேன்," என்றார். "சட்டைக்கு ஒட்டுப் போடலாம். வீட்டுக்கா?"

"அப்ப வாடகைக்குப் போலாமா?" என்றாள் அம்மா.

"சொந்த வீடு வெச்சிக்கிட்டு வாடகைக்கா?"

"அப்ப இடிச்சிக் கட்டலாமா?"

"காசு?"

இந்தக் கேள்விகளையே தினமும் இதே வரிசையில் கேட்டுக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு அவசரம் இல்லை, அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வைகாசி வெயில். கட்டிலின் மேல் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்து வைத்தாள். மேலே கொசுவலையைத் தொங்கவிட்டாள். காக்காய் ஒன்றுகூடக் கிட்டே வர முடியவில்லை. மரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. "இத்தினி வருஷம் காக்கா ஓட்டியே என் ஜென்மம் போச்சு. சம்பந்தி என்னமா யோசிச்சிப் பண்ணியிருக்கார் பாரு," என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். அந்த வருடம் எங்கள் தெரு முழுக்க எங்கள் கட்டிலில்தான் வடாம் காய்ந்தது. தபால்காரர் கடிதம் கொடுக்க வந்தால் கொசுவலையைத் தூக்கி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னும் காயல சார்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்.

வாடகை வீடு பார்க்கும் பொறுப்பு எனக்கும் என் மனைவிக்கும் என்று ஆனது. நான் தனியாகப் போனால் சமையலறையைக் கவனிக்க மாட்டேன், அவள் தனியாகப் போக முடியாது. ஆகவே சேர்ந்து போகலாம் என்று அம்மாவே சொன்னாள்.

அவள் ஒரு கயிற்றில் கட்டிலின் அளவுகளை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள். அகலத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒன்று. 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கும் வீடாகப் பார்த்து ஏறினோம். வீட்டுக்காரர்கள் சமையலறையைக் காட்டுவார்கள், கொல்லையைக் காட்டுவார்கள். அவள் எதையும் பார்க்காமல் வாசலில் நின்று கயிற்றைப் பிடிப்பாள். மறுமுனையை நான் பிடிப்பேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு கீழே இறங்குவோம்.

முதல் நாளே ஒன்று புரிந்துபோனது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் யாரும் கேட்காமல் பேசிக்கொண்டது அந்தத் தெருக்களில்தான். அதனால் எங்கள் தேவைகள் பெருகின. கிழக்குப் பார்த்த வீடு போதாது என்றோம். தண்ணீர் எப்படி என்று பார்க்க ஒரே வீட்டுக்கு இரண்டாம் முறை போனோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நல்ல வீடுகள் இருப்பதாகக் கேள்வி என்று அவள் வீட்டில் மிகவும் யோசனையோடு சொன்னாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போனோம். எங்கள் சக்திக்கு மீறிய பங்களாக்களில்கூட ஏறிக் கயிற்றைப் பிடித்தோம். ஒரு பங்களாவில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு முடிச்சுகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்தபடியே ஓடினோம், கயிற்றை விட்டிருக்கலாம் என்று தெருமுனையில் வந்து மூச்சு வாங்கும்போதுதான் தோன்றியது.

சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் தன் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட இருந்தார். கயிற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, எங்க வீட்டுல யானை கட்டப் போறீங்களா?"

"கட்டில் டீச்சர்," என்றாள் என் மனைவி.

"இவ்ளோ ஒசரமா?"

"கொசுவலையோட சேத்து, டீச்சர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த ஏரியாவுல உங்க கட்டில் நுழையற கதவு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது சர்ச்சுக் கதவு. பாதர வேணா கேட்டுப் பாக்கட்டா?"

அவள் அங்கே சிரிக்கவில்லை. கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பி, பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். இரண்டு பஸ்களை விட்டோம்.

வைகாசி முடிய மூன்று நாள் இருக்கும்போது, இனி பார்க்க வீடு இல்லை என்று நாங்களே ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் அவள் அப்பாவின் வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்திருந்தாள்.

"மாமா, இந்தப் படுக்கையறை இப்ப கட்டில் நிக்கிற எடத்துலதான வருது?"

அப்பா குனிந்து பார்த்தார். "ஆமாம்மா. சரியா அங்கதான்."

"அப்ப இத மட்டும் மொதல்ல கட்டினா, அது ஒட்டுப் போட்டதா ஆகாதில்ல மாமா? புது வீட்ட ஆரம்பிச்சதா ஆகும். மிச்சத்த மெதுவா கட்டிக்கலாம். அனுமதிகூட கையில இருக்கு."

அப்பா டம்ளரை நகர்த்தினார். வரைபடம் ஒரு பக்கம் சுருண்டது. மறுபடி விரித்தார். நிழல் கோடுகளைத் தடவினார். "அட," என்றார். எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்தார். "ஏழு மாசச் சம்பளத்துல புது வீட்ட ஆரம்பிச்சிடலாம்! ஏண்டா, இது உனக்குத் தோணலையே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மேஸ்திரி ஸ்ரீராம்புரத்துக்காரர். பாட்டுப் பாடிக்கொண்டே செங்கல் வைப்பார், பாட்டு வேகமானால் சுவரும் வேகமாக எழும்பும். மறுநாள் வந்தார், கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இத எங்க சாமி நவுத்தறது?"

நகர்த்த இடமில்லை. ஒரு பக்கம் கொய்யா மரம், ஒரு பக்கம் வீட்டுச் சுவர், முன்னால் மணலும் செங்கல்லும் வந்து இறங்கிவிட்டன.

"சும்னே இருக்கட்டும் சாமி," என்றார் மேஸ்திரி. "கட்டிலு அது பாட்டுக்கு நிக்கட்டும், நான் அத்தச் சுத்திக் கட்டிடறேன். நடுவுல பேஜாரு இல்ல."

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் பூமி பூஜை போட்டார்கள். கட்டிலைச் சுற்றி நான்கு பக்கமும் அஸ்திவாரக் குழி தோண்டியபோது அது அகழிக்கு நடுவே கோட்டை போல நின்றது. அம்மா பலகை போட்டு நடந்து போய்க் கடைசி வடாத்தை எடுத்து வந்தாள். வரைபடத்தின்படி புது வீட்டின் தரை பழைய வீட்டைவிட இரண்டு படி உயரம். உள்ளே மண் கொட்டக் கொட்டக் கட்டிலையும் தூக்கித் தூக்கி வைத்தார்கள். மேல்சுவருக்கு வந்தபோது சாரம் கட்ட மூங்கில் வாடகை கேட்டார் மேஸ்திரி. கேட்டுவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். அப்பாவும் கட்டிலைப் பார்த்தார். கட்டிலின் மேல் பலகை போட்டு, பலகையில் மேஸ்திரியும் ஒரு சித்தாளும் ஒரு சட்டி சுண்ணாம்புக் காரையும் ஏறினார்கள். கட்டில் முனகக்கூட இல்லை.

வாசக்கால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை முதலில் கவனித்தவள் அம்மா. சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது.

"ஏங்க, கதவு ஏன் பின்பக்கம் பாத்து இருக்குது?"

"கூடத்தப் பாத்து இருக்குது," என்றார் அப்பா.

"எந்தக் கூடம்?"

"வரப்போற கூடம். படுக்கையறைக் கதவு கூடத்துலதான தொறக்கணும்? பிளான்ல பாரு."

அம்மா வரப்போகிற கூடத்தைப் பார்த்தாள். அங்கே கொய்யா மரமும், அதற்கப்பால் கிணறும், துணி துவைக்கும் கல்லும் இருந்தன. வீட்டுக்கும் புது அறைக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து, இரண்டு பக்கமும் வெறும் சுவர். வீட்டிலிருந்து அந்த அறைக்குப் போக வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக இறங்கி, பக்கவாட்டில் சுற்றி, கொய்யா மரத்தைத் தாண்டி, இரண்டு படி ஏற வேண்டும். ஒரு வீட்டுக்கு அறை சேர்க்கும் வேலையில், வீட்டோடு எந்த இடத்திலும் சேராத ஓர் அறையை நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம்.

"மழை வந்தா குடை புடிச்சிக்கிட்டா தூங்கப் போவாங்க?" என்றாள் அம்மா.

"கூடம் வந்தா சரியாப் போயிடும்."

நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். கயிற்றிலிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நான்கு டம்ளர் வைத்து அவள் அந்த வரைபடத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கூடம் ஒருபோதும் வரவில்லை. அப்பா கடைசி வரைக்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

ஆனியின் கடைசி நாள் வந்தது. ஓடு போட்டாகிவிட்டது, முகட்டு ஓடு மட்டும் பாக்கி. உச்சியில் ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக வானம் தெரிந்தது. "நாளைக்கு முடிச்சிடறேன் சாமி," என்றார் மேஸ்திரி. நாளைக்கு ஆடி. பிற்பகலில் ஜட்கா வந்து நின்றது. மாமனார் புது வேட்டி கட்டி, பழத்தட்டும் புடவையும் எடுத்துக்கொண்டு, பெண்ணை அழைத்துப் போக வந்திருந்தார்.

அவரை நேராகப் புது அறைக்கு அழைத்துப் போனோம், சுற்றிக்கொண்டு. உள்ளே மேஸ்திரியும் சித்தாளும் கட்டிலின் மேல் நின்று மேல்சுவருக்குப் பூச்சு வைத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் படியிலேயே நின்றுவிட்டார். பெண்ணின் கட்டிலில் காரைச் சட்டி. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டு பேரா?" என்றார் மாமனார்.

"சட்டி சேத்து மூணு ஆள் வெயிட்டு சாமி," என்றார் மேஸ்திரி மேலிருந்து.

"ஆடுதா?"

"மலைமேல நிக்கிறாப்பல இருக்குது!"

மாமனார் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஏறினார். மூன்று பேரும் சட்டியும். லேசாகக் குதித்துப் பார்த்தார். "பாத்தீங்களா சம்பந்தி? நான் அன்னைக்கே சொன்னேன்," என்று அப்பாவிடம் மேலேயிருந்தே சொன்னார்.

காப்பி குடித்த பிறகு அம்மா பேச்சைத் தொடங்கினாள். "வெளிச்சம் இருக்கும்போதே கெளம்பிடுங்க சம்பந்தி. ஏம்மா, பொட்டி கட்டிட்டியா?"

"கட்டிட்டேன் அத்தை," என்றாள் என் மனைவி. டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "ஒரே ஒரு சந்தேகம் அத்தை. அந்த ரூமுக்குப் பால் காய்ச்சணுமா, வேணாமா?"

"ரூமுக்கு யாராவது பால் காய்ச்சுவாங்களா? வீட்டோட சேத்துக் கட்டுன அறைதான அது?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் சொன்னது? அது புது வீடு. புது வீட்டோட மொதல் பாகம்."

"ஒரு ரூமு எப்படிங்க வீடாகும்?"

"அஸ்திவாரம் தனி. தர மட்டம் தனி. அனுமதி தனி. சம்பந்தியையே கேளு."

எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சந்து வழியாக ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு எடத்துலயும் ஒட்டல," என்றார். "வாசல் வேற தனி. எனக்கென்னமோ தனி வீடாத்தான் தெரியுது."

"அப்பறமென்ன? பால் காய்ச்சித்தான் ஆகணும்," என்றார் அப்பா. "ஆடி பொறந்தா காய்ச்ச முடியாது. இப்பவே காய்ச்சு."

அம்மாவுக்குச் சடங்கு என்றால் பிறகு விவாதம் கிடையாது. மூன்று செங்கல்லை அவளே அடுக்கினாள். என் மனைவி பானையில் பால் ஊற்றினாள். தங்கைகள் ஊதினார்கள். கூரையின் இடைவெளி வழியாகப் புகை நேராக மேலே போனது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. மேஸ்திரிக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. குத்துவிளக்கை ஏற்றியாயிற்று. அப்போது என் மனைவி, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே, மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அத்தை, புது வீட்டுல பால் காய்ச்சினா எத்தினி நாளைக்கு வெளக்கு அணையாமப் பாத்துக்கணும்?"

"ஒரு மண்டலம்!" என்றாள் அம்மா. தனக்குத் தெரிந்ததைக் கேட்டுவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் குரல் ஓங்கியது. "நாப்பத்தெட்டு நாளு. ஒரு நாள்கூட இருட்டா விடக் கூடாது."

"யார் வேணா ஏத்தலாமா அத்தை?"

"அதெப்படி? யார் பால் காய்ச்சினாங்களோ அவங்கதான் ஏத்த..."

அம்மா நிறுத்தினாள். கை வாய்க்குப் போனது. ஆடியில் எத்தனை நாள் என்று எல்லோருக்கும் தெரியும். சிறிய தங்கை முதலில் வெடித்தாள், பெரியவள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேஸ்திரி பக்கவாட்டில் திரும்பிச் சுவரைப் பூசுவது போலக் கரணையை ஓட்டினார், கரணையில் காரை இல்லை. அம்மா என் மனைவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடி கேடி!" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. அடுப்புச் செங்கல் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "சம்பந்தி, உங்க பொண்ண என்னா சாப்பாடு போட்டு வளத்தீங்க?"

மாமனாருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. விளங்கியதும் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். காதுகள் சிவந்திருந்தன. தூறல் ஆரம்பித்திருந்தது, முகட்டு இடைவெளி வழியாகச் சொட்டு நேராகக் கட்டிலின் மேல் விழுந்தது.

"படுதா இருக்குதா மாப்ளே?" என்றார்.

மணல் மேல் போட்டிருந்த படுதாவை உதறிக் கொண்டுவந்தேன். அவரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கட்டில் மேல் ஏறி, கொசுவலைச் சட்டத்தின் மேல் படுதாவை விரித்தோம். நான்கு மூலையிலும் குமிழ்களில் கயிறு சுற்றி இறுக்கினார். கயிறு வேறெங்கும் கிடைக்காமல் என் மனைவி தன் கயிற்றைக் கொடுத்தாள், நான்காக வெட்டி. கட்டிலுக்கு மட்டும் ஒரு கூரை வந்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. மாமனார் கையை உள்ளே நீட்டித் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

பழத்தட்டையும் புடவையையும் அம்மாவிடம் கொடுத்தார். கட்டி வைத்த பெட்டியை என் தங்கைகள் புது அறைக்குத் தூக்கிப் போனார்கள், சுற்றிக்கொண்டு, தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு. நான் குடை பிடித்து மாமனாரைக் கேட் வரை கொண்டுபோய் விட்டேன். கிளம்பும் முன் வண்டிக்காரர் உள்பக்கம் எட்டிப் பார்த்து, பொண்ணு எங்கே, ரெண்டு பேருக்குத்தானே வண்டிச் சத்தம் பேசினது என்று கேட்டார். மாமனார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மாலை ஆறு பத்து. அடுகோடிக்குத் திரும்பிய ஜட்காவில் அவர் மட்டும் இருந்தார்.